காதுக்கு மூன்று, கைக்கு ஒன்று: ஆங்கில வினைச்சொல் விகுதிகளைக் குழந்தைக்குச் சொல்லித்தர ஒரு முழு வழிகாட்டி

அண்ணன் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை உரக்க வாசித்தாள். "ஹி வாக்-கெட் டு த டோர். ஹி நாக்-கெட்." எழுத்துக் கூட்டி, ஒன்றையும் விடாமல், கவனமாகத்தான் வாசித்தாள். மறுநாள் தானே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். அதில் பூனை குதித்தது. ஜம்ப்ட் என்ற சொல்லை ஜே-யு-எம்-பி-டி என்று எழுதியிருந்தாள். "நடுவுல ஈ எங்கே போச்சு?" என்று கேட்டேன். "அத்தை, ஈ கேக்கவே இல்லையே!" என்றாள்.

வாசிக்கும்போது கண்ணை நம்பினாள், எழுதும்போது காதை நம்பினாள். இரண்டு இடத்திலும் அவள் பக்கம் நியாயம் இருந்தது, இரண்டு இடத்திலும் விடை தவறு. ஆங்கில வினைச்சொல்லின் கடைசியில் வரும் ஈ-டி, எஸ், ஐ-என்-ஜி ஆகிய விகுதிகளில் நம் குழந்தைகள் தடுமாறுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இவை ஒலியைக் காட்டும் எழுத்துகள் அல்ல, பொருளைக் காட்டும் அடையாளங்கள். ஈ-டி என்பது "முடிந்துபோன செயல்" என்று கண்ணுக்குச் சொல்லும் முத்திரை. வாய்க்கு வரும்போது அது மூன்று விதமாக ஒலிக்கும். கையால் எழுதும்போது ஒரே விதம்தான்.

காதுக்கு மூன்று, கைக்கு ஒன்று. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கிவிடலாம். ஒலியைத் தனியாகவும் ஸ்பெல்லிங்கைத் தனியாகவும் சொல்லித்தர வேண்டும், அதிலும் ஒலி முதலில். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பலகையில் எழுதிப்போட்டால் குழந்தை குழம்பும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தொடங்கும் முன், சொல்லித்தருபவருக்கு

ஈ-டி எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது மூலவினையின் கடைசி ஒலி. கடைசி எழுத்து அல்ல, ஒலி.

மூலவினை ட் ஒலியில் முடிந்தால், அது தொண்டை அதிரும் ஒலியானாலும் (டி, D) அதிராத ஒலியானாலும் (டீ, T), விகுதி "இட்" என்று ஒரு தனி அசையாக வரும்: வான்ட் - வான்டிட், நீட் - நீடிட், ஸ்டார்ட் - ஸ்டார்டிட், பெயின்ட் - பெயின்டிட். வேறு எந்த இடத்திலும் புது அசை பிறக்காது. ப், க், ஃப், ஸ், ஷ், ச் போல் தொண்டை அதிராத ஒலியில் முடிந்தால் விகுதியும் அதிராத ட்: ஹெல்ப்ட், குக்ட், லாஃப்ட், டான்ஸ்ட், வாஷ்ட், வாட்ச்ட். உயிரொலியிலோ ம், ன், ல், வ் போன்ற அதிரும் ஒலியிலோ முடிந்தால் விகுதியும் அதிரும் ட்: பிளேட், கிளீன்ட், கால்ட், லவ்ட்.

எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். சிரிப்பதைக் குறிக்கும் லாஃப் என்ற சொல் ஜி-எச் என்று முடிகிறது, ஆனால் ஒலி ஃப். ஏறுவதைக் குறிக்கும் கிளைம் என்ற சொல்லின் கடைசியில் பி இருக்கிறது, வாயில் அது வருவதே இல்லை, ம்-தான் கடைசி ஒலி. டான்ஸ் என்ற சொல் ஈ-யில் முடிகிறது, ஒலியோ ஸ்.

குழந்தை "வாக்-கெட்" என்று வாசிப்பது முட்டாள்தனம் அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர்களே இந்த ஈ-யை ஒலித்துத்தான் பேசினார்கள். பிறகு பேச்சில் மெல்ல மெல்ல அது தேய்ந்துபோனது. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல்கூட இந்த உயிரை விழுங்கிப் பேசுவதையும் எழுதுவதையும் கண்டித்து எழுதினார். பேச்சு மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. பழைய ஒலிப்பின் மிச்சம் சில பெயரடைகளில் இன்றும் கேட்கிறது: கெட்ட என்ற பொருளில் வரும் விக்கிட், ஆடையற்ற என்ற பொருளில் வரும் நேகிட், கற்றறிந்த என்ற பொருளில் வரும் லேர்னிட்.

படி 1: பிள்ளை எங்கே நிற்கிறது?

பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள்: வாக்ட், ஜம்ப்ட், வாஷ்ட், பிளேட், ஓபன்ட், வான்டிட், நீடிட், ஸ்டாப்ட், கிரைட், டான்ஸ்ட். முதலில் குழந்தை வாசிக்கட்டும், நீங்கள் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து அதே சொற்களை நீங்கள் சொல்ல, குழந்தை எழுதட்டும். வாசிப்பில் மட்டும் தவறென்றால் படி 2 முதல் 4 வரை. எழுதுவதில் மட்டும் தவறென்றால் நேரே படி 5. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் தேவைப்படும்.

படி 2: கைதட்டி எண்ணுவது

முதல் வாரம் புத்தகம் வேண்டாம், பென்சில் வேண்டாம். கை போதும். நீங்கள் "வாக்" என்று சொல்லுங்கள், குழந்தை ஒருமுறை தட்டட்டும். "வாக்ட்" என்று சொல்லுங்கள், இப்போதும் ஒரே தட்டு. "வான்ட்" ஒரு தட்டு, "வான்டிட்" இரண்டு தட்டு. பத்துப் பன்னிரண்டு சொல் இப்படி மாற்றி மாற்றி. கூடுதல் தட்டு எப்போது வருகிறது என்று நீங்கள் சொல்லாதீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தையே கண்டுபிடித்துவிடும்: "ட்-ல முடிஞ்சா மட்டும்தான் ரெண்டு தட்டு!" தானே கண்டுபிடித்த விதியைக் குழந்தை மறப்பதில்லை.

ஒன்று அழுத்திச் சொல்கிறேன். நேரம் குறைவாக இருந்தால் இந்தப் படியை மட்டுமாவது முழுதாகச் செய்யுங்கள். அதிரும் ட், அதிராத ட் வேறுபாடு சற்றுப் பிசகினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். "வாக்-கெட்", "ஜம்ப்-பெட்" என்று இல்லாத அசையை நுழைத்தால்தான் சொல்லே உருமாறிப் போகிறது.

படி 3: பட்டும் வண்டும்

நம் மொழியில் ட என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு. "பட்டு" என்று சொல்லும்போது வருவது ஒன்று, "வண்டு" என்று சொல்லும்போது வருவது இன்னொன்று. எழுத்து ஒன்றுதான், ஆனாலும் எந்தத் தமிழ்க் குழந்தையும் இதைத் தப்பாகச் சொல்வதில்லை. மெல்லெழுத்துக்குப் பின்னால் ட தானாகவே அதிரும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாக்குக்குத் தெரிந்த விஷயம் இது. இந்த அறிவைத்தான் ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறோம்.

குழந்தையின் விரல்களை அதன் தொண்டையில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டட்டும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு "ம்ம்ம்" என்று நீட்டட்டும், விரல் நுனி குறுகுறுக்கும். அது வண்டு. வண்டு தொண்டைக்குள் இரைகிறது. பட்டு சத்தமே போடாது. இந்த இரண்டு பெயரும் பிடித்துவிட்டால் வேலை எளிது.

அடுத்து மூலவினையின் கடைசி ஒலியை நீட்டிப் பார்க்க வேண்டும். "வாஷ்ஷ்ஷ்" என்று நீட்டினால் தொண்டை அமைதி, ஆகவே பட்டு-ட்: வாஷ்ட். "லவ்வ்வ்" என்று நீட்டினால் இரைச்சல், ஆகவே வண்டு-ட்: லவ்ட். ப், க் போன்றவற்றை நீட்ட முடியாது. அதற்கு உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து "ஹெல்ப்", "குக்" என்று சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் காற்று மட்டும் வந்து கையில் மோதும், குரல் வராது. அதனால் பட்டு.

உயிரொலிக்குப் பின்னால் வரும் வண்டு-ட்டில் மட்டும் கொஞ்சம் நின்று பழக வேண்டும். விளையாடினான் என்பதற்கான பிளேட் என்ற சொல்லைப் பிள்ளைகள் பட்டு-ட் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அப்போது அது தட்டைக் குறிக்கும் பிளேட் ஆகிவிடும். வித்தியாசம் கடைசி ட்டில் மட்டும் இல்லை. விளையாடினான் என்ற சொல்லில் உயிர் சற்று நீளும், தட்டில் அது சட்டென்று நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டுங்கள், எது எது என்று குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும். நல்ல விளையாட்டு இது.

பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: இல்லாத வினைச்சொற்களைக் கொடுங்கள். ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார். படங்களைக் காட்டி, "இந்த ஆளுக்கு ரிக் செய்யத் தெரியும், நேற்றும் இதையே செய்தான், என்ன செய்தான்?" என்ற மாதிரி கேட்டார். ரிக் என்று ஒரு வினையே கிடையாது. ஆனாலும் குழந்தைகள் "ரிக்ட்" என்றார்கள். கேட்டிராத சொல்லுக்கும் விகுதி சேர்க்க முடிந்தால், மனப்பாடம் இல்லை, விதியே உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். அதே ஆய்வில் மோட், பாட் மாதிரி ட் ஒலியில் முடியும் போலிச் சொற்களுக்கு "இட்" சேர்க்க, ஆங்கிலமே தாய்மொழியான சின்னப் பிள்ளைகளும் திணறினார்கள். ஆகவே உங்கள் குழந்தை அந்த இடத்தில் தடுமாறினால் பதற வேண்டியதில்லை.

படி 4: வால் உகரத்தை நறுக்குவது

தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. பட்டு, காது, நாக்கு என்று ஒரு சின்ன உகரம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் "வாக்டு", "ஜம்ப்டு" என்று வரும். நிறுத்து நிறுத்து என்றால் குழந்தை விகுதியையே விழுங்கி "வாக்" என்று மட்டும் சொல்லிவிடும்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, உயிரொலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்ப்பது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது நமக்குப் பிறவிப் பழக்கம். "வாக்ட்" பக்கத்தில் "அவே" வந்தால் "வாக்-டவே". "ஜம்ப்ட்" பக்கத்தில் "ஓவர்" வந்தால் "ஜம்ப்-டோவர்". "குக்ட்" பக்கத்தில் "இட்" வந்தால் "குக்-டிட்". உகரத்துக்கு இடமே இல்லை, ட்டும் தொலையவில்லை. ஒரு வாரம் இப்படிச் சேர்த்தே சொல்லவைத்து, அப்புறம் பின்சொல்லைக் கிசுகிசுப்பாகச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கும் அப்புறம் மனசுக்குள் மட்டும். கடைசியில் ட் தனியாக, வாலில்லாமல் நிற்கும்.

படி 5: கைக்கு ஒன்று

இப்போதுதான் பென்சில். காது மூன்று விதமாகக் கேட்டாலும் கை ஒரே மாதிரி எழுதும் என்பதை ஒரு காட்சியாகக் காட்ட வேண்டும். தாளை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, மூலவினைகளைக் கறுப்பில் எழுதுங்கள். ஒரு சின்னத் துண்டில் ஈ-டி மட்டும் சிவப்பில். அந்தச் சிவப்புத் துண்டு ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஹெல்ப் பக்கத்தில் வைத்து வாசி: பட்டு. கிளீன் பக்கத்தில் வைத்து வாசி: வண்டு. பெயின்ட் பக்கத்தில் வைத்து வாசி: இரண்டு தட்டு. துண்டு அதேதான், ஒலிதான் மாறியது. என் அண்ணன் மகள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி வேற ஏதாவது எழுதிருக்கா அத்தை?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

தமிழில் இறந்த காலம் காட்டும் இடைநிலைகள் பல: செய்தான், கண்டான், கற்றான், ஓடினான். ஒலி மாறினால் நாம் எழுத்தையும் மாற்றி எழுதுகிறோம். ஆங்கிலம் அப்படிச் செய்யாமல், ஒலி மாறினாலும் ஒரே முத்திரையைக் குத்துகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும், "அப்போ இங்கிலீஷ்ல எழுதறது ஈஸி" என்று சந்தோஷப்படும்.

எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது ஒரு வேலையா, முடிந்துவிட்டதா?" ஆம் என்றால் மூலவினையை முழுசாக எழுது, சிவப்பு முத்திரையைக் குத்து. ஜம்ப்ட் என்று சொல்லி ஒலியைப் பிரித்து எழுதக் கூடாது. முதலில் ஜம்ப், அப்புறம் ஈ-டி. டிக்டேஷன் கொடுக்கும்போது விகுதியைச் சிவப்புப் பென்சிலில் எழுதவிட்டால் இந்த வரிசை தானாகவே பழகிவிடும்.

படி 6: மூலச்சொல் மாறும் இடங்கள்

மூன்று இடங்களில் விகுதி சேரும்போது மூலச்சொல் கொஞ்சம் மாறுகிறது. இரண்டு எளிது, ஒன்று கடினம்.

எளிதானவை முதலில். சொல் ஏற்கெனவே ஒலிக்காத ஈ-யில் முடிந்தால் இன்னொரு ஈ வேண்டாம். டான்ஸ், லவ், ஹோப் போன்ற சொற்களை எழுதிய பட்டையில் கடைசி ஈ-யைப் பின்னால் மடித்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்புத் துண்டை வைக்கச் சொல்லுங்கள். மடிப்பது கையில் பதிந்துவிட்டால் எழுதும்போதும் இரட்டை ஈ வராது. அடுத்து, மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அது ஐ ஆகும்: கிரை - கிரைட், டிரை - டிரைட், கேரி - கேரிட். உயிரெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் மாறாது: பிளே, ஸ்டே, என்ஜாய். மூன்று சொல் மட்டும் அடங்காது. பே, சே, லே ஆகியவை பி-ஏ-ஐ-டி, எஸ்-ஏ-ஐ-டி, எல்-ஏ-ஐ-டி என்று ஆகும். அவற்றில் நடுச்சொல்லின் ஒலியும் மாறி "செட்" ஆகிறது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள்.

கடினமானது மெய் இரட்டிப்பது. ஸ்டாப் என்ற சொல்லோடு ஈ-டி சேர்த்தால் பி இரண்டாகிறது, ரெயின் சொல்லோடு சேர்த்தால் என் இரண்டாவதில்லை. ஏன்? ஆங்கில விதியாகச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள். கண் + இல் = கண்ணில். கால் + இல் = காலில். கண்ணில் ண் இரட்டித்தது, காலில் ல் இரட்டிக்கவில்லை. தனிக்குறிலுக்குப் பின்னால் உள்ள மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும், நெடிலுக்குப் பின்னால் இரட்டிக்காது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த புணர்ச்சி விதிதான்.

ஆங்கிலத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதேதான். ஸ்டாப், பிளான், ரப், ஹக் எல்லாம் ஓரசைச் சொற்கள். ஓர் உயிரெழுத்து, அதன்பின் ஒரே ஒரு மெய். ஈ-டி, ஐ-என்-ஜி இரண்டும் உயிரெழுத்தில் தொடங்கும் விகுதிகள். ஆகவே மெய் இரட்டிக்கிறது. ரெயின், குக், நீட் ஆகியவற்றில் இரண்டு உயிரெழுத்து சேர்ந்து நிற்பதால் இரட்டிக்காது. ஹெல்ப், ஜம்ப் ஆகியவற்றில் கடைசியில் ஏற்கெனவே இரண்டு மெய் இருப்பதால் இரட்டிக்காது. நம் "வயல் + இல் = வயலில்" போல, ஓபன், விசிட் மாதிரி இரண்டு அசைச் சொற்களிலும் இரட்டிப்பதில்லை. ஆனால் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்கும்: பிகின், அட்மிட், பிரிஃபர். டிராவல் போல எல்-லில் முடியும் சொற்களுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் அழுத்தம் எங்கிருந்தாலும் எல் இரட்டிக்கும், அமெரிக்க வழக்கில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் மட்டுமே இரட்டிக்கும். குழந்தையின் பாடப்புத்தகம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எப்போதும் இரட்டிப்பதில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். கண்ணில் என்று எழுதினால் நாம் ண்-ஐ அழுத்தி இரண்டாகவே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரட்டிப்பு கண்ணுக்கு மட்டும். ஓடுவதைக் குறிக்கும் சொல்லில் என் இரண்டு இருந்தாலும் "ரனிங்" என்றுதான் ஒலிக்க வேண்டும். அப்படியானால் எதற்கு இரட்டிக்கிறது? முன்னால் உள்ள உயிரைக் குறிலாகக் காப்பாற்ற. நம்பிக்கை கொள்வதைக் குறிக்கும் ஹோப், ஒற்றைக் காலில் தாவுவதைக் குறிக்கும் ஹாப், இரண்டோடும் ஐ-என்-ஜி சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் ஈ போய் ஒரே பி நிற்கும், ஹோபிங். இரண்டாவதில் பி இரட்டிக்கும், ஹாபிங். பி ஒன்றா இரண்டா என்பதில் மட்டுமே அர்த்தம் தொங்குகிறது. இந்த ஜோடியை எழுதி, குழந்தையைத் தாவச் சொல்லி, நம்பிக்கையோடு கைகூப்பச் சொல்லி விளையாடினால் ஒரே நாளில் பதிந்துவிடும்.

படி 7: எஸ்

ஈ-டி நன்றாக வந்தபிறகு இதைத் தொடுங்கள், ஏனென்றால் கணக்கு அதேதான். அதிராத ஒலிக்குப் பின் பாம்பு சீறுவது போன்ற ஸ்: வாக்ஸ், ஜம்ப்ஸ், ஈட்ஸ். அதிரும் ஒலிக்குப் பின் வண்டு இரையும் எஸ்: பிளேஸ், ரன்ஸ், ரீட்ஸ். இந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. ஸ் சொல்லிக்கொண்டே தொண்டையை இரையவிட்டால் அது வந்துவிடும். ஸ், ஷ், ச், ஜ் வகை ஒலிக்குப் பின் கூடுதல் தட்டோடு "இஸ்", இங்கும் கடைசியில் வண்டு: வாஷிஸ், வாட்சிஸ், டான்சிஸ்.

ஸ்பெல்லிங்குக்கும் அந்தத் தட்டே வழிகாட்டும். கூடுதல் தட்டு கேட்டால் ஈ-எஸ். டான்ஸ் போல் ஏற்கெனவே ஈ இருந்தால் வெறும் எஸ் போதும். மெய்யை அடுத்த ஒய், ஐ-ஈ-எஸ் ஆகும். கோ, டூ இரண்டுக்கும் தட்டு கூடாவிட்டாலும் ஈ-எஸ் உண்டு, அவற்றில் டூ "டஸ்" என்று ஒலி மாறும். சே என்பது "செஸ்" ஆகும். ஹேவ் என்பது ஹேஸ்.

எஸ்-ஐச் சரியாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகளும் "ஹி வாக்" என்று விட்டுவிடுவார்கள். அது ஒலிப்புச் சிக்கல் இல்லை, இலக்கணச் சிக்கல். நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறது என்று ஆளுக்கொரு விகுதி வைத்திருக்கிறோம் நாம். ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் அவற்றில் மிஞ்சியிருப்பது இந்த ஒரே எஸ்தான், ஆன், ஆள், அது மூன்றுக்கும் சேர்த்து. "நடக்கிறான் என்பதில் ஆன் எங்கே இருக்கிறதோ அதுதான் எஸ்" என்று சொல்லிப் பாருங்கள்.

படி 8: ஐ-என்-ஜி

இதன் ஸ்பெல்லிங்கில் பாதி வேலை படி 6-லேயே முடிந்துவிட்டது. ஈ-யை மடி, குறிலுக்குப் பின் மெய்யை இரட்டு. ஒய் மட்டும் அசையாது, கிரையிங், டிரையிங் என்று அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் இரண்டு ஐ ஒட்டிக்கொள்ளும். ஸீ, பீ போன்ற சொற்களில் ஈ ஒலிக்கிறது, அதனால் அதை மடிக்கக் கூடாது. லை, டை போல ஐ-ஈ-யில் முடிபவை ஒய்-ஐ-என்-ஜி ஆகும். பிக்னிக், பேனிக் போல சி-யில் முடிந்தால் நடுவில் ஒரு கே நுழையும், இல்லாவிட்டால் சி-யை ஸ் என்று வாசித்துவிடுவோம்.

ஒலியில் ஒரே இடம்தான் சிக்கல். தமிழில் ங் வந்தால் பக்கத்தில் பெரும்பாலும் க வரும்: தங்கம், சங்கு, எங்கே. அதனால் "கோயிங்கு", "சிங்-கிங்" என்று ஒரு க சேர்ந்துகொள்கிறது. ஆங்கில விகுதியில் ங் மட்டும்தான், க கிடையாது. "அங்ஙனம்" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அதில் க இல்லாத சுத்தமான ங் இருக்கிறது. அங்ங்ங் என்று நீட்டி நிறுத்திப் பழகிவிட்டு, "சிங்ங்ங்-இங்ங்ங்" என்று சொல்லவைத்தால் சில நாளில் க உதிர்ந்துவிடும். விரலைக் குறிக்கும் ஃபிங்கர் என்ற சொல்லில் க உண்டு, பாடகரைக் குறிக்கும் சிங்-அர் என்ற சொல்லில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் விளங்கும்.

படி 9: அடங்காத வினைகள்

கோ - வென்ட், ஈட் - ஏட் மாதிரி சொற்களைப் பேச்சிலும் கதையிலும் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். ஒரு பிள்ளை "கோட்", "ஈட்டிட்" என்று சொல்ல ஆரம்பித்தால் விதி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், திட்டாதீர்கள்.

கீப் - கெப்ட், ஸ்லீப் - ஸ்லெப்ட், ஃபீல் - ஃபெல்ட், டெல் - டோல்ட் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு குறிப்பு உதவும். சொல்லின் உள்ளே உயிர் மாறிவிட்டால், கடைசியில் காதில் விழும் ட் எதுவோ அதையே எழுது: வண்டு என்றால் டி, பட்டு என்றால் டீ. உள்ளே எதுவும் மாறாவிட்டால் சிவப்பு முத்திரை. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, ஆனால் கைக்கு வந்த பெரும்பகுதியைச் சமாளித்துவிடும்.

எவ்வளவு நேரம், எப்படித் திருத்துவது

நாளுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் காது, அடுத்த இரண்டு வாரம் சிவப்புத் துண்டு, அதற்குப் பிறகு படி 6-க்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், அவசரமில்லை. எஸ், ஐ-என்-ஜி இரண்டும் பின்னால் வேகமாக வந்துவிடும்.

கதை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். குழந்தை கதைக்குள் இருக்கிறது, அதை வெளியே இழுக்கக் கூடாது. "வாக்-கெட்" என்று வாசித்தால் அந்தப் பக்கம் முடியும்வரை பொறுத்திருந்து, "ஓ, ஹி வாக்ட் அவேயா? அப்புறம் என்ன ஆச்சு?" என்று பேச்சோடு பேச்சாகச் சரியான ஒலியைக் காதில் போட்டுவிடுங்கள். மறுநாள் கைதட்டும்போது அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈ-டி எழுதப் பழகியபின் ஒரு வினோதமான தவறு வரும். மென்மையைக் குறிக்கும் சாஃப்ட் என்ற சொல்லை எஸ்-ஓ-எஃப்-ஈ-டி என்று எழுதிவிடுவார்கள். இங்கிலாந்தில் டெரெசின்யா நூனஸ், பீட்டர் பிரையன்ட், மிரியம் பின்ட்மன் மூவரும் குழந்தைகளின் ஸ்பெல்லிங்கைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இதே தவறு, இதே சொல் இருக்கிறது. ஒலிப்படி எழுதுவது, பிறகு ஈ-டியைக் கண்ட இடமெல்லாம் ஒட்டுவது, அதன்பின் வினைக்கு மட்டும் என்று அடங்குவது, இந்த வரிசையில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளை சாஃப்ட் சொல்லுக்குச் சிவப்பு முத்திரை குத்தியிருந்தால் அடித்துத் திருத்த வேண்டாம். "சாஃப்ட் ஒரு வேலையா?" என்று மட்டும் கேளுங்கள். என் அண்ணன் மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிவப்பு ஈ-டியை அழித்து, கறுப்புப் பென்சிலை எடுத்து டீ எழுதினாள்.